நாற்பது ஈரக் கட்டுகள்

மிதவை நான்கு. தூத்துக்குடிக்குக் கிழக்கே பதினொரு கடல் மைல்.
எழுதுவது: பால்துரை, உரிமையாளர்.

12.8.2057, காலை 7.10

பிளாஸ்டிக் கட்டு இறுக்கும் பிரஸ்ஸின் எண்ணெய்க் குழாய் வெடித்து, செல்லையாவின் வலது கை முழங்கைக்குக் கீழே நசுங்கிவிட்டது. துணியால் இறுக்கிக் கட்டினேன். டாக்டர் ரெஹானா மிச்சத்தை வெட்டி எடுத்தார். அவர் நுண்ணுயிர் டாக்டர். மனித உடம்பை வெட்டியது இதுவே முதல் தடவை. மிதவையில் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். நேற்றைய எடை பதினெட்டு டன். மூன்று தொட்டிகளும் ஓடுகின்றன. பிரஸ் நிற்கிறது.

10.40

இதைக் கண்டெடுப்பவருக்கு என் தொழில் தெரியாமல் இருக்கலாம். பிளாஸ்டிக் விற்கிற கம்பெனி, விற்ற எடைக்குச் சமமான எடை அழிக்கப்பட்டதற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும். அது சட்டம். அழித்துக் கொடுப்பது நான். தொட்டியில் இருக்கும் உயிருக்கு ஆட்கள் வைத்த பெயர் கரையான். எந்தப் பிளாஸ்டிக்கையும் தின்று மூலப்பொருளாகக் கக்கும். ஈரத்தில் வேலை செய்யும். காய்ந்தால் தூங்கும், சாகாது. அதனால்தான் கரைக்குப் பத்து மைலுக்குள் தொட்டி வைக்க அனுமதி இல்லை.

வெடித்த குழாயை ரெஹானா என்னிடம் காட்டினார். வெளியுறை புழு அரித்த கத்தரிக்காய் மாதிரி இருந்தது. மூடிய தொட்டியிலிருந்து கரையான் எப்படி வெளியே வந்தது என்று கேட்டார். தெரியாது என்றேன்.

12.15

தெரியும். எழுதிவிடுகிறேன்.

எடை போடும் முன் கட்டுக்குள் தண்ணீர் அடிப்பது இந்த வியாபாரத்தில் எல்லோரும் செய்வது. தெருவில் பாட்டில் பொறுக்கிய காலத்தில் கற்றேன். மேஸ்திரி சுயம்புலிங்கத்துக்கு நானே கற்றுக்கொடுத்தேன். இங்கே கடல் தண்ணீர் அடித்தால் மறுசுழற்சி வாரியத்தின் தராசு உப்பைக் கண்டுபிடித்துவிடும். குடிதண்ணீர் அளந்து வருகிறது. ஆகவே பன்னிரண்டு நாளாகக் கரையான் தொட்டி கழுவிய தண்ணீரை அடித்திருக்கிறான். கேட்டதற்கு, வீணாகப் போகிற தண்ணீர்தானே என்றான்.

இன்னொன்றும் உண்டு. சான்றிதழ் வாங்கிய கட்டுகள் எல்லாம் தொட்டிக்குள் போவதில்லை. கொஞ்சத்தை இரண்டாம் தடவை விற்கக் கரைக்கே திருப்பி அனுப்புவேன். போன வெள்ளிக்கிழமை நாற்பது கட்டு போனது. எங்கே என்று எனக்கு மட்டும் தெரியும்.

13.50

மின்கம்பிகளின் உறை உரிந்து கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. மணல் போட்டு அணைத்தோம். உயிர்காப்புப் படகுகள் இரண்டும் ஃபைபர். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. இரும்புப் படகு ஒன்றே ஒன்று இருக்கிறது.

ரெஹானா என்னைக் கேட்காமல் ரேடியோவில் வாரியத்திடம் கரையான் வெளியே வந்ததைச் சொல்லிவிட்டார். வாரியத்தின் காவல் கப்பல் இரண்டு மைலில் வந்து நிற்கிறது. அதன் பதில்:

"மிதவை நான்கு, யாரும் இறங்கக் கூடாது. எந்தப் படகு கிளம்பினாலும் சுடுவோம்."

14.30

ஐந்து பேர் இரும்புப் படகில் கிளம்பினார்கள். சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டே போனார்கள். கப்பல் சுட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. படகு மூழ்காமல் அலையில் திரும்பி வந்து மிதவையின் பக்கத்தில் முட்டிக்கொண்டே இருந்தது. கயிறு போட்டுப் பிடித்தேன். ஐந்து உடல்களையும் கடலில் இறக்கினேன். ஒருவன் முகம் இல்லாததால் பெல்ட்டை வைத்து அடையாளம் கண்டேன். படகில் மூன்று ஓட்டை. மரக்கட்டை அடித்து அடைத்தேன். படகு தேவைப்படும்.

15.20

பேனா கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. இனி பென்சில்.

ரெஹானாவும் செல்லையாவும் நானும் ரேடியோ அறையில். இரும்புக் கதவு. வெளியே சுயம்பு, கட்டு இழுக்கும் கொக்கியோடு. இன்டர்காமில் அவன் பேசியது:

"அண்ணாச்சி, கதவத் தொறங்க. எனக்கு அந்தப் பொம்பள மட்டும் போதும். அவ வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்தா அஞ்சு பேரும் உசுரோட இருந்திருப்பானுவ."

"கொக்கியக் கீழ போடுல, சுயம்பு."

"தண்ணி அடிக்கச் சொல்லித்தந்தது யாரு? அதயும் அவளுக்குச் சொல்லுங்க."

15.45

கதவில் இருந்த கண்ணாடி, கண்ணாடி இல்லை; பிளாஸ்டிக். கொக்கி அதைக் கிழித்துக்கொண்டு வந்து ரெஹானாவின் தோளில் ஏறியது. அவரைக் கதவோடு சேர்த்து இழுத்தான். தாழ்ப்பாளை எடுத்து வெளியே போய்ப் பிரஸ் கம்பியால் அவன் தலையில் அடித்தேன். முதல் அடிக்கு அண்ணாச்சி என்றான். இன்னும் மூன்று அடி தேவைப்பட்டது. இருபத்திரண்டு வருடம் என்னோடு இருந்தவன்.

ரெஹானா இப்போது எல்லாம் தெரிந்துகொண்டார். உறை உரிந்த ரேடியோக் கம்பிகளில் மெழுகில் நனைத்த துணியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார், ஒற்றைக் கையால்.

16.05

"மிதவை நான்கு, ஐந்து மணிக்கு எரிக்கிறோம். மன்னிக்கவும்."

"சார், நாப்பது ஈரக் கட்டு கரையில கெடக்கு. என்னைய எரிச்சா அட்ரஸும் சேந்து எரியும்."



"பொய் சொல்றீங்க."

"நாளைக்குக் காலையில அரைக்கிற மிஷின்ல போடப் போறாங்க. கழுவித்தான் போடுவாங்க. கழுவுன தண்ணி ஊருக்குள்ளதான ஓடும்? ஆஸ்பத்திரில குளுக்கோஸ் டியூப்பு, வீட்ல வயரு. யோசிச்சிக்கிடுங்க."

"என்ன வேணும் உங்களுக்கு?"

"ரெண்டு பேரு உசுரு."

"மூணு பேர் இருக்கீங்கன்னு டாக்டர் சொன்னாங்களே?"

நானும் படகில் ஏறினால் என் கையில் சரக்கு இல்லை. இரண்டு முகவரி, இருபது இருபது கட்டு. இருவரும் கப்பலைத் தொட்டதும் பாதி தருவேன், பத்திரமாக இறங்கியதும் பாதி; கப்பல் சம்மதித்தது, ஐந்து மணி தள்ளிப்போனது. பின்பாதி வைத்திருப்பவன் அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

16.50

இருவருக்கும் தலையை மழித்தேன். பிளீச்சிங் தண்ணீரில் குளிக்க வைத்தேன். உடம்பில் ஒரு நூல் இல்லாமல் ஏற்றினேன். வெட்டிய கையில் தண்ணீர் பட்டதும் செல்லையா அலறி மயங்கிவிட்டான். ரெஹானா குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் கடலைப் பார்த்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தேன்.

17.35

படகு கப்பலைத் தொட்டது. முதல் முகவரி கொடுத்தேன். இரண்டாம் தொட்டி வெடித்துவிட்டது. தளம் முழுக்கக் கூழ். செருப்பு இல்லை, அடியோடு கரைந்துவிட்டது.

18.40

கப்பல் கொண்டுபோய் இறக்கிய ஒரு மணல் தீவிலிருந்து, ரேடியோவில் ரெஹானா:

"எறங்கிட்டோம். செல்லையாவுக்கு மூச்சு இருக்கு. மிச்சத்த சொல்லாதீங்க. சொன்ன உடனே எரிச்சிருவாங்க. நான் எத்தன நாள் வேணும்னாலும் பேசிப் பாக்குறேன்."

நாளைக் காலையில் மிஷின் ஓடும். கம்பியில் துணி புகைகிறது. இரண்டாம் முகவரியையும் கப்பலுக்குச் சொல்லிவிட்டேன்.

நோட்டை எவர்சில்வர் டிபன் பாக்ஸில் போட்டுக் கடலில் எறிகிறேன். கண்டெடுப்பவர் முதலில் நன்றாகக் காய வைக்கவும், பிறகு சுடவைக்கவும்.

பேசி முடித்தது: ரெஹானா, செல்லையா, தீவில் தொண்ணூறு நாள் காவல், பிறகு வீடு. கட்டு நாற்பதும் வாரியத்துக்கு. எனக்கு, முதல் குண்டு இந்த அறையில் விழ வேண்டும், தள்ளி விழக் கூடாது. ஒப்புக்கொண்டார்கள்.