கழற்றிப் போட்ட மஞ்சள் லைட்

அன்புள்ள அப்பாவுக்கு, ஜெசிந்தன் எழுதுவது. மாதாவின் தயவால் டுபாயில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் கட்டை அவிழ்த்துவிட்டார்களா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

நேற்றுக் காலை இங்கேயும் நம் அப்புத்தளை மாதிரியே பனி மூடியது. நான் ஓட்டும் வேனின் ஹெட்லைட்டை முழு வெளிச்சத்தில் போட்டேன். எதிரில் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. வேன் ஓரக்கல்லில் லேசாக உரசியது, வேறொன்றுமில்லை. பக்கத்தில் இருந்த பதுளைக்காரர் மஹ்ரூப் நானா, "டிம் பண்ணுங்க தம்பி. நூறு மீட்டர் தெரியலன்னா கீழ இருக்கிற ஃபாக் லைட்டப் போடணும், பனி விலகினதும் அணைச்சிறணும்" என்றார். ஆட்டோ பழக்கும்போது நீங்களும் இதைத்தானே சொன்னீர்கள்.

போன லீவில் உங்கள் ஆட்டோவின் கீழே இருந்த இரண்டு மஞ்சள் லைட்டையும் பழசு என்று கழற்றிவிட்டு, கூரையில் பெரிய வெள்ளை லைட்டை மாட்டியது நான். நீங்கள் அதை "மகன் கொண்டாந்தது" என்று ஸ்டாண்டில் எல்லோருக்கும் காட்டினீர்கள்.

பழைய லைட்டுகள் என் கட்டிலுக்கு அடியில் சாக்கில் இருக்கின்றன. அவற்றையே மாட்டுங்கள். மாட்டியதும் பனிக்குள் ஆட்டோவை நிறுத்தி ஒரு படம் அனுப்புங்கள், நீங்களும் நம் லயத்து வீடும் தெரிகிற மாதிரி.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். ஒன்றை மட்டும் கேட்டுவிடுகிறேன். போன மாதம் பனி நேரத்தில் ஆட்டோ ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கியபோது, பிரேக் பிடிக்கவில்லை என்று போனில் சொன்னீர்கள். பிரேக் நன்றாகத்தானே இருந்தது அப்பா?

உங்கள் மகன்,
ஜெசிந்தன்