கேற்றடியில் ஒரு கண்ணாடிப் பை

இன்று வியாழக்கிழமை. விடிந்ததும் குப்பை போடும் கண்ணாடிப் பையைக் கேற்றடிக்குக் கொண்டுபோனேன். உள்ளே தயிர்க் கோப்பைகள், ஒரு மீன் டின், பழைய பத்திரிகைகள். எல்லாவற்றுக்கும் மேலே, இரத்த அழுத்தத்துக்கு நான் விழுங்கி முடித்த பிரஷர்க் குளிசையின் வெறும் மட்டை. கடற்காற்றுக்கு அது சரசரத்தது. அந்தச் சத்தத்தோடு, சிநேகிதரே, நீர் என் நினைவுக்குள் வந்துவிட்டீர். என் கை தன்பாட்டில் பத்திரிகை ஒன்றை இழுத்து மட்டையை மூடியது. பிறகு, நீர் பார்த்தால் என்ன சொல்லுவீர் என்று நினைத்தேன். பத்திரிகையை எடுத்துவிட்டேன். இப்போது மட்டை தெருவைப் பார்த்தபடி கிடக்கிறது.

கொழும்பில், எங்கள் குறுகிய வெள்ளவத்தை ஒழுங்கைக்கு இந்தப் பை முதன்முதல் வந்த நாளை நீர் மறந்திருக்கமாட்டீர். மாநகரசபையிலிருந்து வந்த சிங்களப் பிள்ளை பாவம், வீடு வீடாக ஏறி இறங்கி விளங்கப்படுத்தினாள். காகிதம், பிளாஸ்டிக், தகரம், போத்தல் எல்லாவற்றையும் கழுவி இதற்குள் போட்டு வியாழக்கிழமை வாசலில் வையுங்கள், பிரிக்காத குப்பையை லொறி எடுக்காது என்றாள். கழுவுவதில் எங்களுக்கு வில்லங்கம் இல்லை. உள்ளே இருப்பது வெளியே தெரிவதுதான் வில்லங்கம். வெள்ளிக்கிழமை மரக்கறி என்று ஊருக்குச் சொல்லிவிட்டு டின்மீன் பிரட்டித் தின்கிற வீடுகள் எத்தனை! எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதோடு என்னுடைய சாராய அரைப் போத்தல்கள் வேறு.

அன்று பின்னேரமே உமது வீட்டு முற்றத்தில் கூட்டம் போட்டீர். கதிரைகள் என்னுடையவை என்பதால் என்னைச் செயலாளராக்கினீர். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதினையை இரண்டு தரம் எடுத்தும் கரைசேராத எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பதவி அதுதான். நீர் எழும்பினீர். கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்தில் கிரேன் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகிய தொண்டை உம்முடையது.

“நான் பாவசங்கீர்த்தனம் கோயிலுக்கை சாமியாரிட்டைச் செய்யிறனான். கேற்றடியிலை நிண்டு போற வாற சனத்துக்கெல்லாம் ஏன் செய்யோணும்?”

பலமாகக் கை தட்டியது முன்வீட்டு அக்கா. எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அறிய அவவுக்குப் பை தேவையில்லை என்பது வேறு கதை.

ஒருவரும் பை வைக்கவில்லை. லொறியும் குப்பையை எடுக்கவில்லை. ஒழுங்கை முழுக்கக் காகமும் மொய்க்கிற இலையானும். உமது படை ஒவ்வொன்றாகக் கழன்றது. முதலில் கழன்றது செயலாளர். “உங்கடை போராட்டம் மணக்குது” என்று என் மனைவி சொன்ன பிறகு நான் என்ன செய்ய? பையை வைத்தேன். நீர் என்னோடு கோபிப்பீர் என்று பயந்து, உமது வீட்டுப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன்.

ஆனால் நீர்தான் என்னைத் தேடி வந்தீர். கையில் ஒரு சேலைக்கடைப் பை. அதற்குள் நிறைய வெறும் குளிசை மட்டைகளும் மருந்துப் பெட்டிகளும். கட்டிலுக்குக் கீழே சேர்த்து வைத்திருந்தீராம். பெட்டிகளில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டை எல்லாம் சுரண்டியிருந்தீர்.

“இதை உம்மடை பைக்குள்ளை போடும், காணும்.”

“என்ன வருத்தம்?”

“சின்ன வருத்தமெண்டால் உம்மட்டை வருவனே?”

அப்போதுதான் உமது போராட்டம் எனக்கு விளங்கியது. ஒழுங்கைக்குத் தெரிந்தால் அன்றைக்கே கனடாவில் இருக்கிற உமது மகனுக்குத் தெரியும். “அவனுக்கு அங்கை நிரந்தரமா இருக்க இன்னும் பேப்பர் குடுக்கேல்லை. எனக்கெண்டு ஓடி வந்தானெண்டால் திரும்பிப் போகேலாது. அவன்ரை வாழ்க்கை அவ்வளவுதான்” என்றீர். சத்தமாகவே கதைத்துப் பழகிய நீர் அதை மட்டும் மெதுவாகச் சொன்னீர்.

அதன் பிறகு உமது மருந்து மட்டைகள் எனது பையில் போயின. முன்வீட்டு அக்கா சும்மா விடுவாவா? சனம் என்னை வருத்தம் பார்க்க வரத் தொடங்கியது. ஒருவர் சத்துமா டின்னோடு வந்தார். இன்னொருவர் அப்பிள் பழத்தோடு வந்து, என் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நான் இல்லை என்று சொல்லச் சொல்ல, “நல்ல மனத்தைரியம்” என்றார்கள். சத்துமாவை வீணாக்காமல் குடித்தேன். நோயாளி நாளுக்கு நாள் கொழுத்துக்கொண்டே போனான்.

சிரிப்பு நின்றது என் மகளின் கலியாணச் சம்பந்தத்தில். பம்பலப்பிட்டியில் நல்ல இடம், பொடியனும் தங்கமானவன். முற்றாகும் என்று இருந்த நேரத்தில் அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு கதை வந்தது: “தகப்பனுக்கு ஏதோ பரம்பரை வருத்தமாம். கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்.” மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மனைவி என்னைப் பார்த்தா. அவவுக்கு உண்மை தெரியும். உம்மட்டைப் போய்ச் சொல்லுங்கோ என்று அவவும் கேட்கவில்லை, நானும் வரவில்லை. உம்முடைய மகன் ஒரு பக்கம், என்னுடைய மகள் ஒரு பக்கம். தராசைப் பிடிக்க எனக்குக் கை வரவில்லை.

உமக்கு யார் சொன்னது என்று நீர் கடைசிவரை சொல்லவில்லை. முன்வீட்டு அக்காவாகத்தான் இருக்கவேண்டும். அடுத்த வியாழக்கிழமை காலை, கட்டியிருந்த சாரத்தோடு வெளியே வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். அன்றுவரை கேற்றடியில் ஒரு காகிதத்துண்டு வைக்காத நீர் கண்ணாடிப் பை வைத்திருந்தீர். மருந்துப் பெட்டிகள் எல்லாம் அதற்குள். இந்த முறை பெயர்ச்சீட்டுகளைச் சுரண்டவில்லை. ஒட்டிய பக்கம் தெருவுக்குத் தெரியும்படி அடுக்கியிருந்தீர். பூசைக்குப் போகிற வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு பைக்குப் பக்கத்தில் நின்று, முன்வீட்டு யன்னலைப் பார்த்துக் கத்தினீர்.

“தங்கச்சி, வடிவாப் பாரும்! இது என்ரை வருத்தம். அவருக்கு இருக்கிறது தொந்தி ஒண்டுதான்!”

நான் ஓடி வந்தேன். “என்ன காணும் செய்யிறீர்? மகனுக்குத் தெரியப்போகுது!”

“அவனை நான் கதைச்சு நிப்பாட்டுவன். உம்மடை பிள்ளைக்குக் கிடைச்ச இடத்தை நான் கெடுக்கேலாது.”

மத்தியானத்துக்கு முன்னமே கனடாவிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. அவன் அழுதது உமது முற்றத்தில் நின்ற எனக்கே கேட்டது. வரப்போகிறேன் என்றான். வரவேண்டாம் என்றீர். அன்று முழுக்க அதே கதைதான். கடைசியில் தினமும் முகம் பார்த்துக் கதைப்பதென்று ஒப்பந்தம் போட்டீர்கள். முன்பு பெருநாளுக்குப் பெருநாள் கதைத்த தகப்பனும் மகனும், பிறகு கறிக்கு உப்புக் காணாது என்பதுவரை கதைத்தீர்கள். பம்பலப்பிட்டிப் பொடியனோடு நடந்த என் மகளின் கலியாணத்தில் முன்வரிசையில் இருந்து இரண்டு தரம் பாயசம் குடித்தீர். அடுத்த மாரிக்கு நீர் இல்லை. அவனுக்கு வர முடியவில்லை. செத்தவீட்டில் உமது முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். கை மாற்றி மாற்றிப் பிடித்தேன், இறக்கவில்லை.

இப்போது ஒழுங்கையில் எல்லா வாசலிலும் பை இருக்கிறது. உமது மனைவிக்கு முழங்கால் ஏலாது. அவவின் பையையும் நான்தான் கொண்டுவந்து வைக்கிறேன். உமது கேற்றைத் திறக்கும்போது அதே கிறீச்சிடும் சத்தம். எண்ணெய் போடச் சொன்னா. நான் போடவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் நீர் வெளியே வருகிறீர் என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தை விட எனக்கு மனமில்லை.

இவ்வளவும் எழுதுவதற்குள் இப்போது நுகேகொடையில் குடியிருக்கிற மகள் அழைத்துவிட்டாள்.

“அப்பா, அது என்ன குளிசை? எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“ஆர் பிள்ளை சொன்னது?”

“ஆர் சொன்னால் என்ன? வெளிக்கிட்டிட்டன். அதுக்குள்ளை டின்மீன் ஒண்டும் சாப்பிடாதேங்கோ.”

முன்வீட்டு யன்னல் சீலை ஆடுகிறது. லொறி வந்து பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கூட்டத்துக்குத் தந்த அதே கதிரையைக் கேற்றடியில் போட்டு, மகள் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். கண் மட்டும் உமது கேற் பக்கம் போய்ப் போய் வருகிறது. தொந்தி ஒன்றுதான் என்று ஒருக்கால் கத்தும், காணும். இப்போது பிரஷரும் இருக்கிறது என்று திருப்பிக் கத்த நான் ஆயத்தமாக இருக்கிறேன்.