பரிபூரணம் அடையும் நிலையில்

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
17 ஆகஸ்டு 1931, திங்கட்கிழமை.

அன்பும் பொறுமையும் உள்ள பாக்கியத்தாய் அக்காவுக்கு, கடலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து தங்கை ஞானப்பூ தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நேற்றுத்தான் ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது, அதற்குள் பொய் எழுதுவானேன்? உடம்புக்கு ஒன்றும் இல்லை. மற்றதுதான் சரியில்லை. அத்தானுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? எஸ்தர் அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா? நீங்கள் கொடுத்துவிட்ட கருப்பட்டி எறும்பு மொய்க்காமல் வந்து சேர்ந்தது. இதையெல்லாம் இப்போதே கேட்டுவிடுகிறேன். போகப் போக மறந்துவிடுவேன்.

அக்கா, எங்கள் வீட்டு உபதேசியார் இரண்டு வாரமாகப் பிரசங்கம் செய்யவில்லை. நேற்று ஆராதனையில் வேதபாடம் வாசித்தார்கள். பிரசங்க நேரம் வந்ததும், பாட்டுப் பாடுவோம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். சபையார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நாலு பாட்டுப் பாடிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். உன் மாப்பிள்ளை வாயைத் திறந்தால் உலையில் வைத்த அரிசி குழைந்துபோகும் என்று நீங்கள் கேலி செய்வீர்களே, அந்த வாய்தான். வேலையை விட்டு விலகுகிறேன் என்று மிஷன் பெரிய ஐயரவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி மேசைமேல் வைத்திருக்கிறார்கள். இன்னும் தபாலில் போடவில்லை. நான் மேசையைத் துடைக்கும்போதெல்லாம் அதைத் தூக்கித் துடைத்து அதே இடத்தில் வைக்கிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். இவர்கள் சனிக்கிழமைதோறும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய், அங்கிருந்து நாலு மைல் நடந்து ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போவது உங்களுக்குத் தெரியும். பால்மரம் வெட்டும் சனங்கள் குளித்துச் சாப்பிட்டு வரும் நேரத்தில், ஆபீசுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் பரிபூரணம் என்ற வார்த்தையில்தான் வந்து நிற்கும். கிறிஸ்து கொடுப்பது வெறும் உயிரோடு கிடக்கிற வாழ்க்கை இல்லை, பரிபூரண வாழ்வு, உங்கள் கங்காணியால் அதில் ஒரு காசு பிடிக்க முடியாது என்று சொல்லுவார்கள். சனங்கள் தலையை ஆட்டுவார்கள். ரப்பர் விலை விழுந்து பாதிப்பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் காலத்தில் இதைக் கேட்க ஏழெட்டுப் பேர் வந்ததே பெரிது.

அந்த ஏழெட்டில் ஒருத்தி மாரியாயி. முசிறிப் பக்கத்துப் பெண், பக்கிரிசாமி என்பவனுடைய மனைவி. இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலில் பறிகொடுத்தவள். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் நேர்த்திக்கடன் செலுத்திவிட்டு, அடுத்த சனிக்கிழமையே இவர்கள் பேச்சைக் கேட்க வந்தவள். பரிபூரணம்னா வயிறு நெறைய சோறுங்களா ஐயா என்று கேட்டாளாம். வயிறும் நிறையும், மனசும் நிறையும் என்று இவர்கள் சொன்னார்களாம். மொதல்ல மனசு நெறையட்டும், வயித்துக்குப் பட்டினி பழகிப்போச்சு என்று சிரித்தாளாம். அதை வந்து என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்கள்.

ஈஸ்டருக்கு அவளும் பக்கிரிசாமியும் இங்கே வந்திருந்தார்கள். எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். அவன் கள்ளுக்கடைப் பக்கம் போய் மூன்று மாசம் ஆகிறது என்று அவள் எனக்குக் காதோடு காதாகச் சொன்னாள். நாலு மாசம் முழுகாமல் இருந்தாள். போகும்போது, உங்க வீட்ல அடுப்படியில ஜன்னல் இருக்குதுங்க அம்மா என்று ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

போன மாசம் 28ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, தோட்டத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. எழுதியவர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சபாபதி. சைவர், நன்றாகப் படித்தவர், மணி மணியாக எழுதுவார். மாரியாயி பரிபூரணம் அடையும் நிலையில் இருக்கிறாள், தங்களை உடனே காண விரும்புகிறாள் என்று இரண்டே வரி. அக்கா, நீங்களே சொல்லுங்கள், அதை வாசித்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? எங்களுக்கும் அதுதான் தோன்றியது. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிவிட்டாள் என்று. உடனே என்ற சொல்லைக்கூட அவளுடைய வைராக்கியம் என்று எடுத்துக்கொண்டோம். நான்கு வருஷ ஊழியத்தில் அந்தத் தோட்டத்து முதல் ஆத்துமா. இவர்கள் கார்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதார்கள்.

உடனே போயிருக்கலாம். ஆனால் பெரிய ஐயரிடம் அனுமதி கேட்க வேண்டும், வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டம், ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சேலை வாங்க வேண்டும். எப்படியும் சனிக்கிழமை போகிற இடம்தானே என்று நானும் சொன்னேன். அன்றைக்கே பதில் கார்டு போட்டார்கள். மிகுந்த சந்தோஷம், தேவனுக்குத் தோத்திரம், அவளுக்குச் சீக்கிரமாய்ப் பரிபூரணம் உண்டாகும்படி நாங்கள் இருவரும் ஊக்கமாய் ஜெபிக்கிறோம், சனிக்கிழமை வருகிறேன் என்று எழுதினார்கள். நான்தான் தபால்பெட்டியில் போட்டேன்.

சனிக்கிழமை சேலையும் ஒரு டப்பா பிஸ்கோத்துமாகப் போனார்கள். கூலிச் சனங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் கூட்டமாய் நின்றார்களாம். இவர்கள் கையில் வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் ஒரு கிழவி, ஐயா கோடி கொண்டாந்துட்டாரு என்று சொன்னாளாம். கோடி என்றால் பிணத்துக்குப் போடும் துணி. மாரியாயி வியாழக்கிழமையே இறந்து, வெள்ளிக்கிழமை அடக்கமும் ஆகிவிட்டது.

போன மாசம் கடைசியில், மாசம் நிறையும் முன்னே, பெண்குழந்தை பிறந்திருக்கிறது. நமக்கு ஒரு சேதியும் வரவில்லை. பெற்ற மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டிருக்கிறது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் பார்த்துவிட்டுக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லியிருக்கிறார். அங்கே போன அவளுடைய இரண்டு பிள்ளைகளும் திரும்பி வரவில்லை அல்லவா, அதனால் மாட்டேன் என்று பாயைப் பிடித்துக்கொண்டாளாம். ஐயா வந்து ஒரு வார்த்த சொல்லட்டும், அவரு போன்னா போறேன் என்றாளாம். அதற்காகத்தான் அந்தக் கார்டு. சாகக் கிடக்கிறாள் என்று எழுத அந்தக் கிராணிக்குக் கை கூசியிருக்கிறது. மடத்துச் சாமியார்கள் இறந்தால் பரிபூரணம் அடைந்தார் என்று சொல்வார்களாமே, அந்த மரியாதையை அவளுக்குக் கொடுத்துவிட்டார். அவளும் எப்போது பார்த்தாலும் ஐயா சொன்ன பரிபூரணம் என்று பேசுகிறவள்தானே என்று நினைத்தேன் என்றாராம். அவர்மேல் எனக்குக் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அந்த மனுஷன் சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாராம். அவரை என்ன சொல்ல?

நம்முடைய பதில் கார்டு வியாழக்கிழமை காலையில் போயிருக்கிறது. கிராணி அதை மனதுக்குள் வாசித்துவிட்டு மடித்து வைக்கப் பார்த்தாராம். பக்கிரிசாமி விடவில்லை. மாரியாயி காது கேட்க வாசிக்கச் சொன்னானாம். அவரும் வாசித்துவிட்டார். அவள் கேட்டுக்கொண்டு கிடந்தாளாம். பிறகு, சரி, ஐயாவே சொல்லிட்டாரு, என்னெ எங்கயும் தூக்க வேணாம் என்றாளாம். அன்று மத்தியானம் உயிர் போயிற்று.

இதை இவர்களிடம் சொன்னது பக்கிரிசாமி. சண்டை போடவில்லை அக்கா. சத்தம்கூடப் போடவில்லை. சேலையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதிலேயே பிள்ளைக்குத் தூளி கட்டினானாம். ரோடு வரைக்கும் கூடவே வந்து, அங்கே நின்று ஒன்று கேட்டிருக்கிறான். ஐயா, அவளுக்கு அது கெடைச்சுதா என்று. ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு இவர்கள் நடந்துவிட்டார்கள். கிடைத்தது என்று சொன்னால், நான் எழுதினபடியே அவள் செத்தாள் என்று ஆகும். கிடைக்கவில்லை என்றால், நாலு வருஷமாக நான் சொன்னதெல்லாம் என்ன என்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு என்ன தெரியும்? நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஆறிப்போய் அப்படியே இருந்தது.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லட்டுமா? அவளுக்கு அது முன்னமே கிடைத்துவிட்டது. ஈஸ்டர் அன்று என் அடுப்படியில் நின்று சிரித்தாளே, அது என்ன? புருஷன் கள்ளை விட்டதை அவள் சொன்ன சொல்லில் எத்தனை பெருமை. இரண்டு பிள்ளையைப் புதைத்தவள் மூன்றாவதற்குப் பேர் யோசித்துக்கொண்டிருந்தாள். இதை இவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். நீ என்னைத் தேற்றப் பார்க்கிறாய் ஞானப்பூ என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்கள். தேற்றத்தான் பார்த்தேன், இல்லை என்று சொல்ல முடியுமா?

பக்கிரிசாமியையும் ஊருக்கு அனுப்புகிறார்கள். வருகிற சனிக்கிழமை போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல் ஏறுகிறான், பிள்ளையோடு. முசிறியில் அவனுடைய அம்மா இருக்கிறாளாம். பால்டப்பா நாலு வாங்கி வைத்திருக்கிறேன். இவர்கள் வழியனுப்பப் போகவேண்டும் என்கிறார்கள், போக மாட்டேன் என்கிறார்கள், ஒரே நாளில் இரண்டையும் சொல்கிறார்கள். போனால் அவன் மறுபடியும் கேட்பானே. அத்தான் முப்பது வருஷம் ஊழியம் பார்த்தவர்கள், என்ன பதில் சொல்லலாம் என்று எழுதச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். பாதியில்தான் யோசித்தேன், இது உங்கள் கைக்கு வரும்போது கப்பல் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். வேறு என்ன செய்யக் கிடக்கிறது எனக்கு?

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதக் கை வரவில்லை.

கார்டு வந்த செவ்வாய்க்கிழமை, இவர்கள் தபாலுக்கு முத்திரை வாங்கப் போயிருந்த நேரத்தில், நான் அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு நல்லம்மாளிடம் போனேன். அவள் வீட்டுக்காரர் ரயில்வே பட்டறையில் பிட்டர், தஞ்சாவூர்ச் சைவர்கள், நல்ல மனுஷி. உங்கள் சாமியைக் கும்பிட்டவள் ஒருத்தி எங்களிடம் வருகிறாள் பார் என்று காட்டத்தான் போனேன், பெருமைக்கு. வாசித்துக் காட்டினேன். நல்லம்மாள் முகம் விழுந்துவிட்டது. அய்யோ பாவம், எத்தன புள்ளைங்க அவளுக்கு என்று கேட்டாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அவர்கள் சாமியை விட்டுப் போகிறாளே என்று இவளுக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். பிள்ளைகள் இருந்தால் என்ன, அவர்களுக்கும் சேர்த்துத்தான் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஏன் அப்படிக் கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தால், அன்று மத்தியான ரயிலுக்கே இவர்கள் போயிருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லியிருப்பார்கள். அவள் போயிருப்பாள்.

இதை நான் இவர்களிடம் சொல்லவில்லை. முழுப் பாரமும் தன் தலையில்தான் என்று இவர்கள் சுமந்துகொண்டு திரிகிறார்கள், நான் பார்த்துக்கொண்டு சோறு பரிமாறுகிறேன். பதினோரு வருஷத்தில் இவர்களிடம் நான் மறைத்தது இது ஒன்றுதான். சொல்லலாம் என்று வாயைத் திறப்பேன், உப்பு போதுமா என்று கேட்டுவிடுவேன்.

அதனால் அக்கா, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். உங்கள் கடிதம் எது வந்தாலும் இவர்கள்தான் பிரித்து, எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவார்கள். கடைசி வரியில் எப்போதும் பரிபூரண ஆசீர்வாதம் உண்டாவதாக என்று எழுதுவீர்கள். இந்தத் தடவை அது வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே என்று எழுதுங்கள், போதும். அதற்கு மேலே, நல்லம்மாள் சங்கதியை நீங்களே எழுதிவிடுங்கள். ஞானப்பூ எனக்கு எழுதியிருந்தாள் என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் எழுதுங்கள். அவர்கள் வாசித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிறுத்துவார்கள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட மாட்டேன், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உங்களுக்கும் அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் கர்த்தர் நல்ல சுகத்தைத் தரட்டும். முசிறிக்குப் போகும் அந்தப் பச்சைப்பிள்ளைக்கும் சேர்த்து ஜெபியுங்கள். அதற்கு இன்னும் பேர் வைக்கவில்லை.

உங்கள் தங்கை,
ஞானப்பூ மாசிலாமணி.