செவக்காட்டு உளுந்து

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சொல்ல, பக்கத்து வீட்டு டீச்சர் எழுதுகிறார். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம்ம ஊர்க் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்து, கொரோனாவில் பஸ் நின்றுபோன வருஷம். கயத்தாற்றில் உன் செவக்காட்டு உளுந்துக்கும் என் கரிசலுக்கு அடிக்கும் அளவிலேயே களைக்கொல்லி அடிக்கச் சொன்னேன். கரிசல் மருந்தை இறுக்கிப் பிடித்து மேலேயே வைத்துக்கொள்ளும். செவல் மண்ணுக்கு அந்தப் பிடி கிடையாது, மழை வந்தால் வேருக்கு இறக்கிவிடும். அது எனக்குத் தெரியாது. நாலாம் நாள் பெருமழை. முளைத்ததெல்லாம் கருகிவிட்டது.

"ஏட்டி, எந்த மடையன் அளவு சொன்னான்?" என்று மாப்பிள்ளை வரப்பில் நின்று உன்னைப் பார்த்துக் கத்தினார். மருந்தடித்த உச்சிமாகாளி என் முகத்தைப் பார்த்தான். மாப்பிள்ளையும் என் பக்கம் திரும்பினார். உன் வீட்டுப் படி ஏறுவது அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"நாந்தான் சொன்னேன். அண்ணனை ஏன் பாக்கீய?" என்றாய்.

நேற்று உன் மகன் போனில், "மாமா, செவக்காட்டுக்கு எவ்வளவு அடிக்கணும்? உங்களைக் கேக்கச் சொல்லுதா அம்மா" என்றான். பாதி போதும் என்றேன். அன்று நடந்ததையும் சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை போய்விட்டார், உச்சிமாகாளியும் போய்விட்டான். அந்த வரப்பில் நின்றவர்களில் நான் கையெடுத்துக் கும்பிட மிச்சமிருப்பது நீ ஒருத்திதான், இசக்கிச்செல்வி.

உன் அண்ணன்
(கைநாட்டு)