கொத்தைக் குவித்து அளந்ததும் களவு என்ற பதிவும்

அனுப்புநர்:
செல்வி சந்திரகாந்தா மாணிக்கவாசகம், பி.எஸ்சி.,
பொறுப்பாசிரியை, கலைமதி பெண்கள் விடுதி,
எல்கடுவ வீதி, மாத்தளை.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
விடுதி உணவு வழங்கற் சபை, மாத்தளை.

பொருள்: கொத்தை இறாத்தலாக மாற்றும் அட்டவணையைத் திருத்தலும், சமையலாள் அழகம்மா மீதான பதிவை நீக்கலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எமது விடுதியில் தோட்டத் தொழிலாளரின் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கின்றனர். அரிசியும் மாவும் எமக்கு இறாத்தல் கணக்கில் வருகின்றன. சமையலறையில் கொத்து என்னும் அளவைப் பாத்திரத்தின் கணக்கில் செலவாகின்றன. இரண்டையும் ஒப்பிடுவதற்காக, எந்தப் பொருளாயினும் ஒரு கொத்து இரண்டு இறாத்தல் என்று சபை சென்ற ஆண்டு ஓர் அட்டவணை அனுப்பியது.

2. ஜூலை மாதம் பரிசோதகர் திரு. ஸஹாப்தீன் அதன்படி கணக்குப் பார்த்தார். அரிசியில் ஒரு மூடை குறைந்தது. மாவோ, வந்ததைவிட அதிகமாகச் செலவாகியிருந்தது. முன்னதற்குக் "களவு" என்றும், பின்னதற்குப் "பதிவுப் பிழை" என்றும் எழுதினார். அழகம்மா சமையலறைக்குள் வரக்கூடாதென அன்றே உத்தரவாயிற்று. பொலிசுக்கு அறிவிப்பதாகவும் சொல்லப்பட்டது. ஒருவர் அரிசியைத் திருடிவிட்டு, வராத மாவைப் பிட்டு அவித்துக் கொடுத்தார் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அழகம்மாவைப் பற்றி அப்போது எனக்கு உறுதியான கருத்தொன்றும் இருக்கவில்லை. கணக்கின் மீதுதான் எனக்குச் சந்தேகம்.

3. எல்கடுவத் தோட்டத்தில் அழகம்மாவின் லயத்து வீட்டுக்குச் சென்று, எவ்வாறு அளப்பார் என்று கேட்டேன். கொத்தின் வாய்க்கு மேலே கோபுரமாகக் குவித்துக் காட்டினார். விளிம்போடு வழித்துவிடுவதில்லையா என்றேன். அவர் கூறியதை அப்படியே தருகிறேன்: "வழிச்சு அளக்கிறது கடைக்காரங்க வேலைங்க டீச்சர். திங்கிற புள்ளைக்கு யாருங்க வழிப்பாங்க?" அவர்களுடைய வீடுகளில் வழக்கம் அதுவே என அயலவரும் கூறினர்.

4. மிளகு வியாபாரி ஜனாப் ரவூப் அவர்களின் கடைத் தராசில், திரு. ஸஹாப்தீன் முன்னிலையில் நிறுத்துப் பார்த்தோம். வழித்த அரிசி சரியாக இரண்டு இறாத்தல். குவித்தது இரண்டே கால். பிட்டுக்கென அவித்து அரித்த மாவு, குவித்தும் ஒன்றரை இறாத்தலை எட்டவில்லை. பரிசோதகர் இன்னொரு முறை நிறுக்கச் சொன்னார். பிறகு மிளகுச் சாக்கின் மேல் அமர்ந்து கணக்கை இந்த நிறைகளின்படி முதலிலிருந்து போட்டார். அரிசியில் எலிக்குரிய பங்கைத் தவிர எதுவும் குறையவில்லை; மாவும் சரிவந்தது. பொலிசுக்குப் போகாதிருந்தது நல்லதாயிற்று என்று அவரே சொன்னார். அவருடைய நேர்மையை இங்கே பதிய விரும்புகிறேன். என் ஆறுதலை மனுவில் எழுதுவது முறையன்று. அன்றிரவு பல நாட்களுக்குப் பின் ஒழுங்காகச் சாப்பிட்டேன் என்பதோடு நிறுத்துகிறேன்.

5. அழகம்மா வேலைக்குத் திரும்பிவிட்டார். ஆயினும் அது வாய்மொழி உத்தரவே. சபையின் கோப்பில் "களவு" என்ற சொல் இன்னும் இருக்கிறது. அதே அட்டவணை ஏனைய விடுதிகளின் சுவர்களிலும் தொங்குகிறது.

ஆகவே, அரிசி, மாவு, பருப்பு, உப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறை குறித்து, வழித்த கொத்தா குவித்த கொத்தா என்பதையும் தெளிவாக்கிப் புதிய அட்டவணை வெளியிடுமாறும், அச்சொல்லை நீக்கி அழகம்மாவின் பெயருக்கே கடிதம் அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். அவர் இப்போது நான் அருகில் வந்து நிற்காமல் கொத்தைக் கையில் எடுப்பதில்லை. நானும் ஒவ்வொரு நாள் காலையிலும் போய் நிற்கிறேன். அக்கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டிய மறுநாள் முதல் அவர் தனியே அளக்கலாம்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

சந்திரகாந்தா மாணிக்கவாசகம்
(ஒப்பம்)

இடம்: மாத்தளை
திகதி: 11.09.1968