மடுவத்தில் தொங்கிய சேலை

அக்கா, உன்னைக் கொன்றது காய்ச்சல் அல்ல. பெரிய கங்காணி இனாமாகக் கொடுத்த சேலை.

இன்று காலை நான் வேலை செய்யும் பதுளைத் துணிக்கடையில் புதுச் சரக்கின் கட்டை அவிழ்த்தேன். கஞ்சி போட்ட துணியின் வாசனை முகத்தில் அடித்தது. அந்த நேரம் பார்த்து நம் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி கடைக்குள் நுழைந்தார். "நல்ல செவப்புச் சேலையா ஒண்ணு எடு தம்பி. மடுவத்துல தொங்கவிடணும்" என்றார். நான் யாருடைய தம்பி என்பது அவருக்கு நினைவில்லை.

அன்றும் அப்படித்தான் தொங்கியது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், தராசுக்கு நேர் மேலே. தீபாவளிக்குள் அதிகக் கொழுந்து எடுப்பவளுக்கு அந்தச் சேலை. "யாருக்கும் கட்டாயமில்ல. ஆசப்பட்டவ எடுங்க" என்றார் கங்காணி.

அன்று மாலையே தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் நீங்கள் கூடிப் பேசினீர்கள். நான் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தேன். லயத்தில் நமக்குப் பக்கத்துக் காம்பரா முத்தம்மாதான் ஆரம்பித்தாள். "ஒருத்தியும் ஓடக் கூடாதுடி. என்னிக்கும் எடுக்கிறதத்தான் எடுக்கணும். சேல தராசுக்கே இருக்கட்டும், அதுவும் அம்மணமாத்தானே நிக்குது." எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் நீ. முதலில் தலையாட்டியவளும் நீதான்.

யாரும் ஓடவில்லை என்பதைக் கங்காணி கண்டுகொண்டார். சேலையை இறக்கி, நிறுக்க வந்த ஒவ்வொருத்தியிடமும் நீட்டினார். "சும்மா தோள்ல போட்டுப் பாரு புள்ள. பாக்கிறதுக்குக் கூலி கேக்க மாட்டேன்." உன் கூடை நிறுத்து முடியும்வரை அது உன் தோளில் கிடந்தது. பிறகு எடுத்துக்கொண்டார்.

லயத்துக்கு வந்து, "எந்தோள்ல இருந்து உருவிட்டாருடா" என்றாய். உன் பொருளை யாரோ பறித்துக்கொண்டதுபோலச் சொன்னாய். இல்லாததற்கு ஆசைப்படாமல் இருக்க நீ பழகியிருந்தாய். கைக்கு வந்ததை விட்டுக்கொடுக்கத்தான் உனக்குப் பழக்கமில்லை. நம் கைக்கு அதுவரை என்ன வந்திருந்தது, பழகுவதற்கு? இதெல்லாம் கங்காணிக்குத் தெரியும். பிரம்பைவிட இது மலிவு என்பதும் தெரியும்.

மறுநாளிலிருந்து நீ ஓடினாய். தீபாவளியன்று சேலை கட்டிக்கொண்டு கோயிலடியில் நின்றாய். அழகாகத்தான் இருந்தாய், அதை ஏன் மறைக்க வேண்டும்?

தீபாவளி கழிந்து, காலையில் பேர் கூப்பிடுகிற முதல் பெரட்டில் கணக்கப்பிள்ளை சத்தம் போட்டுச் சொன்னார். "அவ எடுக்கிறா, ஒங்களுக்கெல்லாம் கை இல்லையா? இனிமே அவ எடுத்ததுதான் எல்லாருக்கும் நாள் நிறை. கொறஞ்சா அரைப்பேர்." அரைப்பேர் என்றால் நாள் முழுக்க உழைத்துப் பாதிச் சம்பளம்.

"சேல ஒனக்கு, அரைப்பேரு எங்களுக்காடி?" என்று முத்தம்மா காறித் துப்பினாள். பீலியடியில் உன் குடத்துக்கு இடம் விடவில்லை. நிறையை ஏற்றிய கங்காணிக்கு மட்டும் வழக்கம்போல எல்லோரும் சலாம் போட்டார்கள். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒருவரை ஒருவர் கடித்துக் குதறும்படி நம்மை விட்டுவிட்டு, அவர் குடைக்குக் கீழே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

மழை பிடித்தது. உனக்குக் காய்ச்சல் கண்டது. "இன்னிக்கு மலைக்குப் போகாதக்கா" என்றேன்.

"என்னால வந்த நிறைடா. நானே எடுக்கலன்னா சிரிப்பாளுங்க" என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனாய். அந்தக் கம்பளியில் வைத்துத்தான் உன்னை இறக்கிக்கொண்டு வந்தார்கள். உன் கூடையையும் தராசில் ஏற்றினார்கள். குறைந்தது. உனக்கு அரைப்பேர் போட்டார்கள்.

நிறை இன்றுவரை இறங்கவில்லை. முத்தம்மாவின் மகள்கள் அதைத்தான் எடுக்கிறார்கள். அதற்கு மேலும் ஏற்றத்தான் இப்போது இன்னொரு சேலை.

நான் சேலை எடுத்துக் கொடுக்கவில்லை. "எங்கக்கா செத்தும் அவ எடுத்த நிறையையே வச்சிருக்கீங்க. அதப் பழையபடி கொறைங்க" என்றேன்.

கங்காணி என்னை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கடை முதலாளி பக்கம் திரும்பி, "இந்தக் கட்டுல உள்ளதவிடப் பளிச்சுன்னு வேற இருக்கா?" என்றார். முதலாளி எழுந்து போய் அலமாரியைத் திறந்தார்.

"ஒங்களத்தான் கேக்குறேன் கங்காணி. அந்த நிறையைக் கொறைங்க."