காவற்காரர் கூப்பிட்ட பெயர்

சிங்கப்பூர்,
பரிதாபி வருஷம், ஆனி மாதம் 9

அம்மாவின் பாதங்களுக்கு மகன் மாசிலாமணி வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி? தங்கை தையல்நாயகி மறைக்காமல் எழுதட்டும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஜவுளிக்கடை முதலாளி புதிய அணையைக் காட்ட எங்களை வண்டியில் அழைத்துப் போனார். ஒரு வெற்றிலைகூட நீட்டாத மனிதர், புளிச்சோறு கட்டிவந்து ஊட்டாத குறையாகக் கொடுத்தார். அப்போதே எனக்குச் சந்தேகம். அணை உடையாமல் நிற்க மனிதத் தலை வேண்டுமாம். சிராங்கூன் ரோடு முழுக்க அதே பேச்சு.

வாசலில் காவற்காரர் தடித்த புத்தகத்தை விரித்து, "உள்ள போறவங்க பேரச் சொல்லுங்க" என்றார். பெயர் எதற்கு? சட்டென்று ஐயாவின் பெயரைச் சொல்லிவிட்டேன். இறந்து ஆறு வருஷமானவரை இனி யார் என்ன செய்ய முடியும்?

காட்டுக்கு நடுவே தண்ணீர் அழகாகத்தான் கிடந்தது. முதலாளி முதலில் போகட்டும் என்று அவருக்குப் பின்னாலேயே நடந்தேன்.

திரும்பும்போது ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே விட்டார்கள்.

"நாகலிங்கம்! நாகலிங்கம் யாருப்பா, வந்தாச்சா?"

ஒரு கணம் ஐயாவைத் தேடித் திரும்பிப் பார்த்தேன். "வந்துட்டேன்" என்றேன்.

பயப்படாதீர்கள், தலை பத்திரமாக இருக்கிறது. முதலாளி எதற்காக அழைத்துப் போனார் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை. கொஞ்சம் வேப்பம்பூவும், ஐயாவின் பழைய துண்டும் அனுப்புங்கள். தபால் கப்பலுக்கு நேரமாகிவிட்டது. காவற்காரர் கூப்பிட்டது, புருஷன் பெயர் என்று நீங்கள் ஒருநாளும் வாயால் சொல்லாத பெயர். தையல்நாயகி அந்த இடத்தை இன்னொரு தரம் உரக்கப் படிக்கட்டும்.